அசையாத எண்

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

இங்கே மாமா, வாலு, நான் மூவரும் நலம். கப்பலில் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் கடிதம் கம்பெனி அலுவலகம் வழியாக வந்து சேர்ந்தது. ‘நான் நலம். கவலை வேண்டாம். அப்பாவைப் பார்த்துக்கொள்.’ அவ்வளவுதான். இவ்வளவு பெரிய காகிதத்தை இப்படி வீணாக்க உங்களால்தான் முடியும். இயந்திர அறையில் வேலை செய்பவனுக்கு அதற்கு மேல் நேரம் எங்கே என்று மாமா உங்களுக்காக வாதாடினார். பிள்ளையை விட்டுக்கொடுப்பாரா?

நீங்கள் துறைமுகத்திலிருந்து போனில் பேசும்போது அவர்கள் இருவரும் என் இரண்டு பக்கமும் காதை நீட்டிக்கொண்டு நிற்பதால் எதையும் சொல்ல முடிவதில்லை. போதாததற்குப் பாதியில் அறுந்துவிடுகிறது. போன தடவை டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். நானும் மூச்சுவிடாமல் விளக்கினேன். கடைசியில் பார்த்தால் நீங்கள் எப்போதோ போய்விட்டிருக்கிறீர்கள். அதனால் அதையே இங்கே எழுதுகிறேன்.

வாலுவின் சர்க்கரை இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. ஊசி மருந்தின் அளவு சரியாக அமைய நாளாகுமாம். ஏறினால் குறைத்துக்கொள்ளலாம், மளமளவென்று இறங்கினால்தான் ஆபத்து என்கிறார் டாக்டர். முதலில் வியர்க்கும், பிறகு பிதற்றுவாள், பிறகு மயக்கம், யாரும் கவனிக்காமல் விட்டால் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். நானும் மேலே கேட்கவில்லை. கேட்காமலே அது தினமும் என் கூடவே கடைக்கு வருகிறது.

அவள் கையில் ஒட்டியிருக்கும் வில்லை சர்க்கரையை அளந்து, பக்கத்தில் இருக்கும் உங்கள் பழைய போனுக்குச் சொல்லும். அந்த போன் வீட்டு நெட் வழியாக என் போனுக்குச் சொல்லும். கடையில் நான் மூக்குக் கண்ணாடிகளுக்கு லென்ஸ் பொருத்திக்கொண்டே என் மகளின் எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். ரொம்ப இறங்கினால் என் போன் கத்தும். உங்கள் போன் கத்தாது. நீங்கள் அதை வாளித் தண்ணீரில் போட்டு எடுத்த நாளிலிருந்து அதற்கு வாயும் இல்லை, சிம்மையும் ஏற்பதில்லை. கத்துவதற்கு என் போன் ஒன்று போதும் என்று விட்டுவிட்டோம்.

ஆக, எல்லாம் அந்த நெட்டை நம்பித்தான். நம் சந்துக்குள் கேபிள் வராது. வந்தாலும் சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். அதனால் கம்பி இல்லாமல் டவரிலிருந்து இழுத்துக்கொள்ளும் ஒரு பெட்டி வாங்கினோம். வாலுவின் அறை ஜன்னலில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று அங்கேயே வைத்துவிட்டுப் போனார் கம்பெனி ஆள். விளக்கு பச்சையாக இருந்தால் எனக்கு உயிர் இருக்கிறது. சிவந்தால் இல்லை. மதிய வெயிலில் தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய பால் பாத்திரம் போலச் சுடுகிறது. சுடும்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் அவர்.

விளம்பரத்தில் ஒரு குடும்பமே இந்தப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கிறது. அவர்கள் வேறு டவர் பக்கம் குடியிருக்கிறார்கள் போலிருக்கிறது. மாடியில் இருக்கும் தையல்கார அக்கா வீட்டிலும் இதே பெட்டிதான். மழை தூறினாலே அவர்களுக்குப் படுத்துவிடும். கீழ் வீட்டில் டியூஷன் எடுக்கும் சார் வேறு கம்பெனி. காலையில் பறக்குமாம், சாயங்காலம் சந்தே நெட்டைத் திறந்ததும் நகராதாம். நமக்கோ இந்த இரண்டும் உண்டு, அதற்கு மேல் மதியத்திலும் போகிறது. நல்ல வெயிலில், காரணமே இல்லாமல்.

கம்பெனிக்கு போன் செய்தால் முதலில் பாட்டு. அப்புறம் ஒரு பெண். “ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்” என்பாள். நேற்று புதிதாக ஒன்று சொன்னாள். “மதியத்துல உங்க பக்கம்தான் மேடம் கரண்ட் போகுது, எங்க டவர் நல்லா இருக்கு” என்றாள். எங்கள் வீட்டில் கரண்ட் போனால் எங்களுக்குத் தெரியாதா, உனக்கு அங்கிருந்து தெரியுமா என்று நன்றாகக் கேட்டுவிட்டேன். குரல் கம்மிவிட்டது அவளுக்கு. பாவம், யார் பெற்ற பிள்ளையோ.

இன்னொரு தொல்லை. இணைப்பு போகும்போதெல்லாம் என் போன் ஒரு மணி அடிக்கும். அது நாள் முழுக்க அடித்தால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்கள்? “உங்க போன் ஏம்மா எப்பப் பாத்தாலும் அழுதுகிட்டே இருக்கு” என்று கேட்டுவிட்டார் முதலாளி. அந்த ஒரு மணியை மட்டும் நிறுத்திவிட்டேன். சர்க்கரை இறங்கினால் கத்தும் மணி அப்படியேதான் இருக்கிறது, பயப்படாதீர்கள்.

மாமா வழக்கம்போலத்தான். வேலை பார்த்த குடோன் தீப்பிடித்ததிலிருந்து அவருக்கு சுவிட்சை அணைத்தால் திருப்தி இல்லை, பிளக்கையே பிடுங்க வேண்டும். மதியம் கண் அசருமுன் வீட்டை ஒரு சுற்று வருகிறார். டிவி, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். பிரிட்ஜை மட்டும் பெரிய மனது பண்ணி விட்டுவைக்கிறார். இந்த நெட் பெட்டியை மட்டும் தொட்டுவிடாதீர்கள் மாமா, உங்கள் பேத்தியே இதில்தான் இருக்கிறாள் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். “நான் எதுக்கும்மா அதைத் தொடறேன்” என்றார். வாலு மதியத்துக்கு முன்பே பள்ளியிலிருந்து வந்துவிடுவாள். வந்ததும் அவள் பக்கத்தை விட்டு அவர் அசைவதில்லை. அவர் இருக்கும் தைரியத்தில்தான் நான் வேலைக்குப் போகிறேன்.

வாலு உங்களுக்கு ஒரு திமிங்கிலம் வரைந்திருக்கிறாள், இத்துடன் இருக்கிறது. நீங்கள் இனியாவது நாலு வரி கூட எழுதுங்கள். கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள்,
வாலுவின் அம்மா


அன்புள்ள உங்களுக்கு,

வாலு உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள். எங்காவது உட்கார்ந்து படியுங்கள்.

புதன்கிழமை நடந்தது. காலையிலிருந்து கடையில் நல்ல கூட்டம். மதியம் சாப்பிடும்போது போனைப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு. அப்படி ஓர் எண்ணைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று சந்தோஷமாக இருந்தது. ஒரு ஜோடி லென்ஸைத் தேய்த்து முடித்துப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு. பக்கத்து மேஜையில் இருப்பவளிடம் காட்டி, இன்றைக்கு என் பெண் தங்கமாக இருக்கிறாள் என்றேன். அவளும் பார்த்துவிட்டு எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள். நான் அதைத் தின்றேன். அந்த நேரத்தில் நான் மிட்டாய் தின்றுகொண்டிருந்தேன் என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு ஒரு சின்னப் பெண்ணுக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்தோம். வாலு வயதுதான் இருக்கும். மாட்டியதும் எதிர்க் கடைப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தது. வாலு ஞாபகம் வந்து மறுபடி போனை எடுத்தேன். நூற்றுப் பதினெட்டு. அப்போதுதான் உறைத்தது. சர்க்கரை ஒரு இடத்தில் நிற்காது, மூச்சுவிட்டால்கூட அசையும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எண்ணுக்குக் கீழே, எறும்பு போன்ற எழுத்தில், கடைசியாகச் செய்தி வந்த நேரம் இருந்தது. அது வாலு பள்ளியிலிருந்து வந்து சிறிது நேரத்திலேயே நின்றுபோயிருந்தது. நான் மதியம் முழுக்கப் பழைய எண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாமாவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. மாடி அக்காவுக்கு அடித்தேன். தையல் மிஷினை விட்டுவிட்டு ஓடினார்கள். போன் என் காதிலேயே இருந்தது. கதவைத் தட்டுவது கேட்டது. கதவு திறந்தது. மாமாவின் குரல் மெதுவாக, ரகசியமாக, “புள்ள தூங்குதும்மா, சத்தம் போடாதீங்க” என்றது. அக்காவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “தூங்குறாளாம்மா, ஒண்ணுமில்ல” என்றார்கள். எழுப்புங்கள், எழுப்புங்கள் என்று நான் நடுத்தெருவில் நின்று கத்தினேன். கடையிலிருந்து எப்போது வெளியே வந்தேன் என்று தெரியவில்லை.

அவள் எழவில்லை.

உடம்பெல்லாம் ஈரமாக இருக்கிறது, கண் சொருகுகிறது என்றார்கள் அக்கா. வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், சர்க்கரையை விரலில் குழைத்துக் கன்னத்தின் உள்பக்கம் தடவுங்கள் என்றேன். டாக்டர் சொல்லிக்கொடுத்தது. அது எப்படி அந்த நேரத்தில் என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. கிடைத்த வண்டியில் ஏறினேன். போன் அறுந்துவிட்டது. வண்டி சிக்னலில் நின்ற இடத்திலெல்லாம் நான் என்ன நினைத்தேன் என்பதை உங்களுக்கு எழுத மாட்டேன்.

நான் உள்ளே நுழைந்தபோது அக்காவின் மடியில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். யாரையும் தெரியவில்லை. “கப்பலை நிறுத்தச் சொல்லு, கப்பலை நிறுத்தச் சொல்லு” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மறுநாள் வரை வைத்திருந்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறாள். ஆஸ்பத்திரி ரொட்டி நன்றாக இருந்ததாம், இன்னொரு நாள் போகலாமா என்று கேட்கிறாள். அவளுக்கு வாலு என்று பெயர் வைத்த உங்களைச் சொல்ல வேண்டும்.

மாமா அன்று போர்வையைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றார். “வேர்த்துக் கொட்டுச்சும்மா. அட்டையால விசிறிக்கிட்டேதான் இருந்தேன். போன் அடிச்சா முழிச்சுக்குவாளேன்னு சத்தத்தக் குறைச்சு வெச்சேன்” என்றார். அதையே வண்டியிலும் சொன்னார், ஆஸ்பத்திரி வாசலிலும் சொன்னார். அவள் மயங்கிக்கொண்டிருந்தாள். அவர் தூங்குகிறாள் என்று நினைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பெட்டியில் பச்சை விளக்கு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி. எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்பெனிக்கு போன் போட்டு, என் மகள் செத்திருப்பாள், உங்கள் பாட்டை நிறுத்துங்கள் என்று கத்தினேன். மறுநாளே ஆள் அனுப்பினார்கள். இத்தனை நாள் வராதவர்கள். அவர் தன் லேப்டாப்பை இணைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். “சாயங்காலமும் மழையிலயும் போறது எங்க டவர் கோளாறுதான் மேடம், மறைக்கல. ஆனா மதியம் போறது அது இல்ல. தினமும் அதே நேரத்துக்கு யாரோ பிளக்கப் பிடுங்கி, அப்புறம் மாட்டுறாங்க.”

மாமா அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வாசற்படியில் நின்றிருந்தார். டம்ளரிலிருந்து தண்ணீர் அவர் காலில் சிந்திக்கொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சரி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்த ஆளை அனுப்பிவைத்தேன்.

வேறு எழுதத் தெரியவில்லை. உங்கள் மகளுக்காக உங்களுக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கும்பிடுங்கள்.

உங்கள்,
வாலுவின் அம்மா


அன்புள்ள உங்களுக்கு,

போன கடிதம் கைக்கு வந்ததும் நீங்கள் மாமாவுக்கு ஒரு கடிதம் போட நினைப்பீர்கள். அவரிடம் எதையும் கேட்காதீர்கள். அதற்காகவே அவசரமாக இதை எழுதுகிறேன்.

அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். ஒருநாள் அவர் முன் தட்டை வைக்கும்போது வேண்டுமென்றே சத்தமாக வைத்தேன். அவர் நிமிரவே இல்லை. ஆனால் மதிய வெயிலில் அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்க்கும்போது கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொதிக்கிறது. குடோனில் தன் கூட வேலை பார்த்தவரை அவர் கருகிய கோலத்தில் பார்த்தவர். பேத்தி தூங்கும் அறையில், திரைச்சீலைக்குப் பக்கத்தில், அப்படி ஒன்று சுட்டுக்கொண்டிருந்தால் அவரால் எப்படி இருக்க முடியும்? நான் பக்கத்திலேயே இருக்கிறேனே, அவளைப் பார்க்க எதற்குப் பெட்டி என்று நினைத்திருப்பார். நான் பயந்தது ஒன்றுக்கு, அவர் பயந்தது வேறொன்றுக்கு. இருவரும் ஒரே பிள்ளைக்காகத்தான் பயந்தோம்.

இப்போது அவர் பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பிளக்கைச் சுற்றி அவரே டேப் ஒட்டிவிட்டார். வாலுவை மதியம் தூங்கவிடுவதில்லை. கண் மூடினால் போதும், எழுப்பி உன் பெயரென்ன, உன் அப்பா பெயரென்ன என்று விசாரிக்கிறார். “தாத்தாவுக்கு எல்லாம் மறந்துபோச்சும்மா, நான்தான் சொல்லிக்கொடுக்கறேன்” என்கிறாள் அவள். ரத்தத்தைப் பார்த்தால் தலைசுற்றுகிற மனிதர், அவள் விரலில் குத்திப் பார்க்கக் கற்றுக்கொண்டார். குத்துவது அவர், கண்ணை மூடிக்கொள்வதும் அவர். சத்தம் போடும் புது போன் ஒன்றை வாலுவின் பக்கத்தில் வைத்தாயிற்று. நான் நிறுத்திவைத்த மணியையும் திறந்துவிட்டேன். அழுதால் அழட்டும், இஷ்டமில்லாதவர்கள் வேறு கடையில் கண்ணாடி வாங்கிக்கொள்ளட்டும் என்று முதலாளியே சொல்லிவிட்டார்.

சாயங்காலத்தில் இன்னமும் அறுகிறது. மழை வந்தால் இன்னமும் சிவப்புதான். டவரைச் சரிசெய்து தருகிறோம் என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த மணி அடிக்கும்போது கையில் இருக்கும் லென்ஸ் நழுவுகிறது. பயம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பையில் வேட்டி சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். உங்கள் அக்கா வீட்டில் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றார். நான் எல்லாவற்றையும் எடுத்துத் திரும்பவும் அலமாரியில் வைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் சொன்னார். “அவனுக்கு எழுதறப்ப எல்லாரும் நல்லா இருக்கோம்னே எழுதும்மா. கடல்ல இருக்கிறவன். நாங்க அப்படித்தான் எழுதுவோம்.”

நாங்கள் என்றால் அவரும் நீங்களும். அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. மாமா அறையை விட்டுப் போன பிறகு உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்துப் பரப்பினேன். நான் நலம், கவலை வேண்டாம். நான் நலம், கவலை வேண்டாம். மழைக்காலத்தில் எழுதியதும் அதுதான், உங்கள் கம்பெனிக் கப்பல் ஒன்று புயலில் மாட்டியதாகச் செய்தி வந்த வாரத்தில் எழுதியதும் அதுதான். ஒரு எழுத்து மாறவில்லை. ஒவ்வொன்றையும் படித்து, அவர் நன்றாக இருக்கிறார் என்று நிம்மதியாக அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறேன். அது நீங்கள் எழுதிய அன்றைக்கு நலம். எனக்கு வந்து சேரும்போது எத்தனை பழையதோ.

உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், இனிமேல் நலம் என்று எழுதாதீர்கள். பல் வலிக்கிறது என்று எழுதுங்கள். சமையல்காரரோடு சண்டை என்று எழுதுங்கள். இயந்திர அறைச் சூட்டில் வாந்தி வந்தது, அலையைப் பார்த்துப் பயந்தேன், வீட்டுக்கு வரவேண்டும் போலிருக்கிறது, எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். ஒரு கடிதத்தில் ஏறியும் இன்னொன்றில் இறங்கியும் இருங்கள். அதைப் பார்த்தால்தான் எனக்கு நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரியும்.

நானும் உள்ளதை எழுதிவிட்டேன், பாருங்கள். இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் நலம் என்று போடவில்லை.

விடுமுறை நாள் மதியம் இது. மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடியே அசந்துவிட்டார், கை பிளக்கின் மேல் இருக்கிறது. வாலு தூங்குகிறாள். எழுப்பி, உன் அப்பா எங்கே என்று கேட்டேன். கப்பலில் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதைக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள்,
வாலுவின் அம்மா